வெட்டின முடியைத் திரும்ப வளர்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

மூன்று வருடத்துக்கு முன்னால், மே மாதம், கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த வாரம், இடுப்பு வரை இருந்த முடியைக் காதுக்கு மேலே வெட்டிக்கொண்டேன். அம்மாவைக் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், இரண்டு மாதம் நான்தான் கூடவே இருந்தேன், தலைக்கு ஒழுங்காகக் குளிக்கவோ சிக்கெடுக்கவோ நேரம் கிடைக்கவில்லை, கடைசியில் சீப்பு உள்ளேயே போகாத அளவுக்குச் சிக்கு விழுந்துவிட்டது. வெட்டியதில் எனக்கு வருத்தமில்லை. அம்மா குணமாகி வீடு வந்த பிறகு திரும்ப வளர்க்க ஆரம்பித்தபோதுதான், வெட்டுவது அரை மணி நேர வேலை, வளர்ப்பதற்குத்தான் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று புரிந்தது. இப்போது முடி தோளைத் தாண்டி நாலு விரல் இறங்கியிருக்கிறது. பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள், அந்தக் கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பாய் கட் தோள் வரை வர எத்தனை மாதம் ஆகும்?

தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் நன்றாக வளர்கிறவர்களுக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். வருடத்துக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர், அவ்வளவுதான். எண்ணெய், ஷாம்பு, மாத்திரை விளம்பரம் எதுவும் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது.

ஆனால் தோள் வரை எப்போது என்று கேட்கும்போது எந்த முடி என்பதையும் கேட்க வேண்டும். பிடரியில் இருக்கிற முடி ஏற்கெனவே கழுத்தில்தான் முளைக்கிறது, அது தோளைத் தொட அரை வருடம் போதும். உச்சந்தலை முடி அப்படியில்லை. அது தலையின் வளைவு முழுக்க இறங்கி, காதைத் தாண்டி, தாடையைத் தாண்டி வர வேண்டும். நெற்றி முடி மூக்கு வரை வந்து நின்று கண்ணைக் குத்துகிற காலமும் நடுவில் வரும். என் தலையில் நடந்த கணக்கு இது: அடுத்த வருடக் காய்கறிக் கண்காட்சிக்கு, காதுக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு பாப் கட். அதற்கு அடுத்த கண்காட்சி தாண்டிச் சில மாதத்தில் தோள். உங்களுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னே பின்னே ஆகலாம்.

நாலாவது மாதம் ஆகிறது. கண்ணாடியே பார்க்கப் பிடிக்கவில்லை. திரும்ப வெட்டிவிடலாமா அக்கா?

வேண்டாம். என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப் பேர் இந்த நாலாவது மாதத்தில்தான் கேட்கிறார்கள். மூன்றாவது மாதத்திலிருந்து ஏழாவது மாதம் வரை எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். காது மேல் முடி இறக்கை மாதிரி வெளியே நீட்டும், பின்னால் வால் மாதிரி தொங்கும், உச்சியில் மட்டும் இன்னும் கிராப்பாகவே இருக்கும்.

அசிங்கமாகத் தெரிவதற்குக் காரணம் மேலே சொன்ன கணக்குதான், பிடரி முடி முந்திக்கொண்டு ஓடுகிறது, உச்சி முடி பின்தங்கி நிற்கிறது. ஆகவே முந்துகிறதைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒரு முறை பிடரியை மட்டும் குறையுங்கள். மேலேயும் பக்கங்களிலும் கத்திரி படவே கூடாது. உச்சி முடி இறங்கி வந்து பிடரி முடியோடு சேரும் வரை, கிட்டத்தட்ட ஒரு வருடம், இதை விடாமல் செய்தால் அந்த வால் வரவே வராது, நடு மாதங்களில்கூட யாரோ யோசித்து வெட்டின பாப் மாதிரி தெரியும்.

இதை எங்கே, எப்படிச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். எனக்கு ஐந்தாவது மாதத்தில் ஒரு பார்லரில், "நுனி மட்டும் லேசா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் ஒரே சீராக எடுத்திருந்தார்கள், காதுப் பக்கம் இரண்டு மாத வளர்ச்சி தரையில் கிடந்தது. அழுகையே வந்துவிட்டது. அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை, "லேசா டிரிம்" என்றால் சுற்றிலும் சமப்படுத்துவது என்றுதான் அவர்களுக்குப் பழக்கம். அதனால் அடுத்த முறையிலிருந்து உட்காரும் முன்பே கையைப் பிடரியில் வைத்துக் காட்டிவிடுவேன்: "பின்னாடி இங்க மட்டும் ஒரு விரல் அளவு எடுங்க. காதுப் பக்கம் வேண்டாம், முன்னாடி வேண்டாம், மேல லேயர் வேண்டாம்." முடி காய்ந்திருக்கும்போது வெட்டச் சொல்லுங்கள், ஈரத்தில் முடி நீண்டு தெரியும், காய்ந்ததும் நினைத்ததைவிட மேலே ஏறிவிடும். அப்புறம், கண்ணை மூடாதீர்கள்.

நுனி வெட்டினால் வேகமாக வளரும் என்கிறார்களே?

இல்லை. வளர்ச்சி முழுக்கத் தோலுக்கு உள்ளே, வேரில் நடக்கிறது. வெளியே இருக்கிற முடி உயிரில்லாதது, நுனியை வெட்டினது வேருக்குத் தெரியப்போவதில்லை. வெடித்த நுனியை அப்படியே விட்டால் வெடிப்பு மேலே ஏறி நடுவில் உடையும், அந்த நஷ்டத்தைத் தவிர்க்கத்தான் வெட்டுகிறோம். புதிதாக வளர்கிற குட்டை முடியில் நுனி வெடிப்பே அவ்வளவாக இருக்காது, முதல் வருடம் அந்தக் கவலை வேண்டாம்.

பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டால் ஒரே சீராக, அடர்த்தியாக வளருமா?

ஒரே சீராக என்பது சரி, எல்லா முடியும் ஒரே நாளில் கிளம்பும். அடர்த்தி என்பது கண்ணுக்கு அப்படித் தெரிவதுதான். இயல்பாக வளர்ந்த முடியின் நுனி தேய்ந்து மெலிந்திருக்கும், மழித்த முடி நடுத்தண்டில் வெட்டுப்பட்டுத் தட்டையான முனையோடு வெளியே வருகிறது, தடவினால் குத்தும், கருகருவென்று தெரியும். வேர்களின் எண்ணிக்கை கூடுவதில்லை.

வேண்டுதல் என்றால் அது வேறு, முருகனுக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ளது, தாராளமாகப் போடுங்கள். என் பெரியம்மா அறுபது வயதில் போட்டுவிட்டு வந்தார், அந்த முகத்தில் இருந்த நிறைவை நான் மறக்கவே மாட்டேன். ஆனால் முடி அடர்த்தியாகும் என்பதற்காக மட்டும் போய் உட்காராதீர்கள். நாலு மாதம் வளர்த்ததை விட்டுவிட்டுத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

காதுப் பக்கமும் நெற்றியிலும் நிற்கிற முடியை எப்படி அடக்குவது?

ஸ்லைடு. கறுப்பு ஸ்லைடு ஒரு அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பக்கம் நேராகவும் ஒரு பக்கம் அலை அலையாகவும் இருக்கும், நிறையப் பேர் அலைப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி குத்துகிறார்கள். அலைப் பக்கம் தலையைப் பார்த்து இருக்க வேண்டும், அதுதான் முடியைப் பிடிக்கும். ஒன்று நிற்கவில்லை என்றால் இரண்டைக் குறுக்கே, பெருக்கல் குறி மாதிரி குத்துங்கள், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அத்தனை வளைவும் இறங்கினாலும் அசையாது.

வகிட்டை மாற்றிப் பாருங்கள். நடு வகிடு இந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் இறக்கை விரித்துக் காட்டும், பக்க வகிடு ஒரு பக்கத்தையாவது அடக்கும். நெற்றி முடி மூன்று விரல் நீளம் வந்ததும் வகிட்டின் இரண்டு பக்கமும் சின்னதாக, முடியோடு ஒட்டிப் பின்னிக் காதுக்குப் பின்னால் ஸ்லைடு குத்திவிடலாம். ஹேர் பேண்ட் போடலாம், பல் வைத்த பிளாஸ்டிக் பேண்ட் நாள் முழுக்கப் போட்டால் காதுக்குப் பின்னால் வலிக்கும், துணி பேண்ட் நல்லது.

ஒன்று மட்டும் கூடாது. எட்டாத முடியை இழுத்துப் பிடித்து இறுக்கமாக ரப்பர் பேண்ட் போடுவது. தினமும் இழுபட்டால் நெற்றி ஓரத்திலும் காது மேலேயும் வேர் பலவீனமாகி வழுக்கை விழும், வருடக்கணக்கில் இழுத்தால் அது திரும்ப முளைக்காமலே போகலாம். கட்டின பிறகு நெற்றித் தோல் இழுக்கிற மாதிரி இருந்தால் அவிழ்த்துவிட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

முன்பு நேரான முடி. இப்போது சுருண்டு சுருண்டு நிற்கிறதே?

நீளமான முடியை அதன் எடையே கீழே இழுத்து நேராக்கி வைத்திருந்தது. எடை போனதும் உள்ளே இருந்த அலை வெளியே வருகிறது. அதோடு நம் ஊர் மஞ்சு, மூடுபனி. ஜூன், ஜூலையில் குன்னூர், ஊட்டிப் பக்கம் மஞ்சு இறங்கினால் வீட்டுக்குள் துணியே காயாது, அந்த ஈரத்தை முடியும் குடித்து உப்பிக்கொள்ளும். வளர வளர அடங்கும். எனக்கு அந்தச் சுருள் பிடித்துத்தான் இருந்தது. ஊட்டியில் தோடர் பழங்குடி அம்மாக்கள் முடியைச் சுருள் சுருளாகச் சுற்றி இரண்டு தோளிலும் விட்டிருப்பதைப் பார்த்தவர்கள், சுருளை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

தேங்காய் எண்ணெய் வைக்கலாமா? இங்கே அது உறைந்தே கிடக்கிறது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், கோத்தகிரியிலும் ஊட்டியிலும் வருடத்தில் பெரும்பாலான நாள் அது வெள்ளைக் கட்டிதான். பாட்டிலை நேரடியாக அடுப்பில் காட்டாதீர்கள். வாயகலமான டப்பாவில் ஊற்றி வைத்துக்கொண்டு, கட்டியிலிருந்து விரல் நுனியில் சுரண்டி இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்தால் கைச்சூட்டிலேயே உருகிவிடும். கையில் வெள்ளைத் துகள் எதுவும் இல்லாமல் பளபளவென்று ஆன பிறகுதான் தலைக்குக் கொண்டுபோக வேண்டும். குட்டை முடிக்கு ஒரு கடலை அளவு போதும், பழைய ஞாபகத்தில் ஒரு கரண்டி ஊற்றினால் முடி தலையோடு ஒட்டிக்கொண்டு இன்னும் குறைவாகத் தெரியும்.

எண்ணெய் முடியை வளர்க்காது. ஆனால் தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்குகிற எண்ணெய், குளிக்கும்போது முடியிலுள்ள புரதம் வீணாவதைக் குறைக்கும், உடைவதைக் குறைக்கும். உடையாத முடிதான் நீளமாகிறது. தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்துவிட்டு அலசுங்கள். ராத்திரி முழுக்க ஊற வைக்க வேண்டியதில்லை, இந்தக் குளிரில் தலைதான் பாரமாகும்.

நீலகிரித் தைலம் தேய்த்தால் முடி வளரும் என்கிறார்களே?

சளிக்கு ஆவி பிடிக்க வையுங்கள். அப்படியே எடுத்துத் தலைத்தோலில் தேய்த்தால் எரிச்சலும் கொப்புளமும் வரும். ஊட்டிக் கடைகளில் அதன் பக்கத்திலேயே விற்கிற கோல்தேரியா தைலமும் வலிக்குத் தேய்க்கிறது, தலைக்கு இல்லை.

குளிருக்குக் குல்லா போடாமல் இருக்க முடியாது. முடி பாழாகுமா?

குல்லா போட்டால் வேருக்கு மூச்சு முட்டும் என்பது தவறு, வேருக்கு வேண்டியது ரத்தம் வழியாகப் போகிறது. இரண்டு தொந்தரவு மட்டும் உண்டு.

ஒன்று உரசல். கம்பளி நூல் சொரசொரப்பு, அதுவும் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற நாட்களில் காற்று காய்ந்து கிடக்கும், குல்லாவைக் கழற்றினால் சடசடவென்று முடி எழுந்து நிற்கும். பழைய பட்டுப்புடவையோ வழுவழுப்பான உள்பாவாடைத் துணியோ இருந்தால் ஒரு துண்டு கிழித்துக் குல்லாவுக்குள் நாலு தையல் போட்டு வைத்துவிடுங்கள். நான் அம்மாவின் நைந்துபோன பட்டிலிருந்து தைத்துக்கொண்டேன், மூன்று குளிர்காலம் ஆகியும் அதே குல்லாதான், கழுத்து ஓரத்தில் முடி உடைவது முதல் மாதத்திலேயே குறைந்தது.

இரண்டாவது, ஈரம். காலை ஏழு மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது ஈரத்தலையோடு குல்லாவை மாட்டிக்கொண்டு போகிறோம். ஈரமும் சூடும் சேர்ந்தால், எல்லார் தலையிலும் இருக்கிற மலசீசியா என்ற பூஞ்சை பெருகி, பொடுகும் அரிப்பும் வரும். சாயங்காலம் குளிப்பது நல்லது, இல்லையென்றால் லீவு நாளில் வெயில் வந்த பிறகு குளியுங்கள். டவலால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், ஈர முடி ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துவிடும். பொடுகு வந்துவிட்டால் மெடிக்கலில் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு கிடைக்கும், வாரம் இரண்டு முறை போட்டு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் விட்டு அலசினால் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் அடங்கும். போட்டவுடனே அலசினால் பயனில்லை.

கீசர் தண்ணீர் தலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். உடம்புக்கு எவ்வளவு சூடு வேண்டுமோ ஊற்றிக்கொள்ளுங்கள், தலைக்கு மட்டும் வெதுவெதுப்பாக விளாவி வையுங்கள்.

வளர்க்க ஆரம்பித்த நேரத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதே?

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி கொட்டுவது எல்லாருக்கும் உள்ளது. ஒவ்வொரு முடியும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வளரும், அப்புறம் இரண்டு மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டு விழும், அதே வேரில் புதிது முளைக்கும்.

அதற்கு மேல் கொட்டினால், இரண்டு மூன்று மாதம் பின்னோக்கி யோசியுங்கள். பெரிய காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், வேகமாக எடை குறைந்தது, மனதை உலுக்கின ஒரு துக்கம். உடம்பு அடி வாங்கினால் ஒரே சமயத்தில் நிறைய முடி ஓய்வுக்குப் போய், மூன்றாவது மாதம் சேர்ந்து கொட்டும். எனக்கும் கொட்டியது, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களின் கணக்கு அது. பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நின்றுவிடும். நிற்கவில்லை என்றாலும், வட்டமாகச் சொட்டை விழுந்தாலும், மாதவிடாய் அதிகமாகப் போனாலும், எப்போதும் அசதியாக இருந்தாலும் டாக்டரிடம் போய் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குறைவு நம் பெண்களிடம் அவ்வளவு சாதாரணம், அதைத் தலைமுடி விஷயம் என்று நினைத்து எண்ணெய் மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

முடிக்கென்று விற்கிற பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. உடம்பில் பயோட்டின் குறைவு இருந்தால்தான் அதனால் பயன், அது அபூர்வம். ஆனால் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கிற தைராய்டு டெஸ்ட் தப்பாகக் காட்டலாம், மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனின் டெஸ்டும் தப்பாகலாம். சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன்பு டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கீமோ முடிந்து முடி முளைக்கிறது. நீங்கள் சொல்வதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பிடரிக் கணக்கும் ஸ்லைடும் பொருந்தும். முதலில் வருகிற முடி பூனை மயிர் மாதிரி மெலிதாக இருக்கும், முன்பு இல்லாத சுருளோ நரையோ வரலாம், பல பேருக்குக் கொஞ்ச காலத்தில் பழைய மாதிரி ஆகிவிடுகிறது. சாயம், ஸ்ட்ரெய்ட்டனிங் எதற்கும் அவசரப்படாதீர்கள், உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குளிருக்குப் பருத்தித் துணி உள்ளே கட்டி அதன்மேல் குல்லா போடுங்கள், அந்தத் தோலுக்குக் கம்பளி நேரடியாகப் பட்டால் அரிக்கும்.

நான் ஆண். வெலிங்டன் ராணுவ முகாமில் வெட்டுகிற மாதிரி ஒட்ட வெட்டித்தான் பழக்கம். இப்போது வளர்க்க ஆசை.

தம்பி, உங்களுக்கும் அதே விதிதான், சலூனில் சொல்கிற வார்த்தை மட்டும் வேறு. "சைடு, பின்னாடி மெஷின் போடுங்க, மேல தொடாதீங்க" என்று மூன்று மாதம் சொல்லுங்கள். மேலே காது நுனி வரை இறங்குகிற அளவு வந்ததும் சைடில் மெஷினை நிறுத்திவிட்டு, பிடரி ஓரத்தை மட்டும் சுத்தம் செய்துகொள்ளுங்கள். மீசை தாடியை ஒழுங்காக வைத்திருந்தால் வளர்க்கிறான் என்று தெரியும், வெட்டாமல் விட்டுவிட்டான் என்று தெரியாது.

மகளுக்கு ஜூனில் பள்ளி திறக்கிறது, இரட்டைச் சடை கட்டச் சொல்வார்கள். முடி எட்டவில்லை.

டீச்சரிடம் போய் நேரில் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் ஹேர் பேண்டோடு விட்டுவிடுவார்கள். குழந்தையின் முடியை இழுத்துக் கட்டி அனுப்பாதீர்கள். தலை வலிக்கிறது என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, சாயங்காலம் எரிச்சலாக வரும்.

எட்டு மாதத்தில் கல்யாணம். இப்போது காது வரைதான் இருக்கிறது. பின்னல் போட முடியுமா?

எட்டு மாதத்தில் எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரும், தாடையைத் தொடும். சின்னதாக ஒரு குதிரைவால் கட்டுகிற அளவு வந்துவிட்டால் சவுரி வைத்துப் பின்னிவிடலாம், மேலே மல்லிகையும் நுனியில் குஞ்சலமும் வைத்தால் எது சொந்த முடி என்று யாருக்கும் தெரியாது. இப்போதே செய்ய வேண்டியது, உங்கள் முடி நிறத்துக்குச் சரியான சவுரியைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து வாங்குவது. ட்யூப் லைட்டில் எல்லாச் சவுரியும் கறுப்புதான், வாசலில் வந்து பார்த்தால்தான் செம்பட்டை தெரியும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு நாள் முழு அலங்காரத்தோடு மூன்று மணி நேரம் வைத்திருந்து பாருங்கள், சவுரியின் எடை குட்டை முடியைத்தான் இழுக்கும், எங்கே வலிக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

சொந்தக்காரர்கள் பேச்சுத்தான் தாங்கவில்லை. என்ன சொல்வது?

எனக்கும் ஒரு விசேஷ வீட்டில், "கூந்தல் இருக்கிற மகராசி அள்ளி முடிவா" என்று ஒரு அத்தை என் காது படவே சொன்னார். அம்மா பக்கத்தில் இருந்தார். "எனக்காகத்தான் வெட்டினா" என்று மட்டும் சொன்னார், அதற்குப் பிறகு அந்தப் பந்தியில் யாரும் பேசவில்லை. உங்களுக்கு அப்படிச் சொல்லக் காரணம் இருக்க வேண்டியதில்லை. "வளர்த்துக்கிட்டு இருக்கேன் அத்தை" என்ற ஒரு வரி போதும், காரணம் சொல்ல ஆரம்பித்தால் அதற்கு மேல் நாலு கேள்வி வரும்.

முதல் பின்னல் எப்போது போடலாம்?

உச்சி முடி தாடையைத் தாண்டினதும் முயற்சி செய்யுங்கள். சும்மா மூன்று கால் எடுத்துப் பின்னினால் குட்டை முடியெல்லாம் பாதியில் வெளியே வந்துவிடும். நெற்றியிலிருந்தே ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடியைச் சேர்த்துத் தலையோடு ஒட்டிப் பின்னிக்கொண்டு வாருங்கள். விரலைத் தண்ணீரில் லேசாக நனைத்துக்கொண்டால் வழுக்காது. பிடரிக்கு வந்ததும் மீதி இரண்டு விரல் நீளம்தான் இருக்கும், அதில் ரப்பர் பேண்ட் நிற்காது, ஸ்வெட்டர் பின்னுகிற உல்லன் நூல் ஒரு முழம் எடுத்துக் கடைசி இரண்டு சுற்றில் முடியோடு சேர்த்துப் பின்னி அந்த நூலாலேயே முடிச்சுப் போட்டுவிடுங்கள். எனக்கு அம்மாதான் போட்டுவிட்டார், கறுப்பு நூல் வீட்டில் இல்லை, கிடந்தது சிவப்பு, அதையே கட்டினார்.